தேடாப் பேறும் கணனியும்: செரண்டிப் கதையை முன்வைத்து ஒரு நோக்கு

காணாமற்போன ஒட்டகம் ஒன்றின் கதை தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அளகாபுரியை ஆண்ட அளகேசன் என்னும் மன்னனிடம் வணிகன் ஒருவன் வந்து, தன் ஒட்டகம் வழிதவறிப் போயிற்றென முறையிடுகின்றான். அவன் வழியிற் கண்ட நால்வர், அவ்வொட்டகத்துக்கு ஒரு கால் ஊனமா, வலக்கண் குருடா, வால் குட்டையா, வயிற்றுநோய் உண்டா என ஒவ்வொருவராய் வினவினராம். கேட்டவை அனைத்தும் உண்மையாய் இருந்தன. கண்ணாற் காணாத விலங்கைப் பற்றி இத்துணை அறிந்தவர் அதனைக் கவர்ந்தவராகவே இருத்தல் வேண்டும் என்பது வணிகனின் முடிபு. மன்னன் அழைத்து வினவிய போது நால்வரும் தாம் அறிந்த வகையைக் கூறுகின்றனர். நிலத்திற் பதிந்திருந்தவை மூன்று கால்களின் சுவடுகளே. பாதையின் ஒரு மருங்கில் நின்ற தழை மட்டுமே கடிக்கப்பட்டிருந்தது. கொசு கடித்து வடிந்த குருதித்துளிகள் வழியெங்கும் கிடந்தமையால் அவற்றை விரட்டுதற்கேற்ற நீண்ட வால் இல்லை என்பது தெரிந்தது. முன்னங்காற் சுவடு ஆழ்ந்தும் பின்னங்காற் சுவடு மேலோட்டமாயும் இருந்தமை வயிற்று வலியைக் காட்டிற்று. மன்னன் வியந்து நால்வரையும் அமைச்சராக்கிக் கொள்கின்றான். நான்கு மந்திரி கதை எனவும் வழங்கும் இதனைப் பண்டிதர் நடேச சாஸ்திரியார் ஆங்கிலப்படுத்தினார். கிளவுஸ்தன் என்னும் அறிஞர் 1889இல் வெளியிட்ட கீழைத்தேயக் கதைத் தொகுதியில் அம்மொழிபெயர்ப்பு இடம்பெற்றது.

இக்கதையின் உடன்பிறப்பொன்று மேற்றிசை சென்று பெரும்பேர் பெற்றது. பாரசீக மொழிக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1302இல் இயற்றிய 'எட்டுச் சுவர்க்கங்கள்' என்னும் காவியத்தில் செரண்டிப் அரசனின் மைந்தர் மூவர் இவ்வாறே காணாத ஒட்டகத்தை விவரிக்கின்றனர். 1557இல் வெனிஸ் நகரில் கிறிஸ்தோபரோ ஆர்மெனோ என்பாரின் பெயரால் வெளிவந்த இத்தாலிய நூல் அம்மரபிற் பிறந்தது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துட் புகுந்தது. அதனை ஒருகால் படித்திருந்த ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு, புளோரன்சில் இருந்த தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு 1754 ஜனவரி 28ஆம் நாள் எழுதிய கடிதத்தில், பழைய வெனிஸ் நூலொன்றில் ஒரு குடும்பச் சின்னத்தைத் தற்செயலாய்க் கண்டெடுத்த மகிழ்ச்சியைத் தெரிவிக்கையில், 'செரண்டிப்பிற்றி' என்னும் புதுச்சொல்லைப் படைத்தார். அக்கதையை அவர் அற்பக் கதை என்றே குறிக்கின்றார். ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக மாற்றியும் விடுகின்றார். ஒரு சொல்லின் பிறப்பே இவ்வாறு அரைகுறை நினைவில் நிகழ்ந்தது.

செரண்டிப் என்பது இலங்கைக்கு அராபியரும் பாரசீகரும் இட்ட பெயர். சிங்களத் தீவம் என்பதன் திரிபு அது என்பார் பலர். சேரன் தீவு என்பதன் திரிபெனக் கொண்டாடும் தமிழரும் உளர். ஒரு சொல்லின் வேரைக்கூடப் பங்கிட்டுக்கொள்ள இயலாத நாட்டின் பெயரே இன்று உலகமெங்கும் இனிய தற்செயலின் பெயராய் நிலவுகின்றது.

இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் வழக்கில் இல்லை. 'அதிர்ஷ்டம்' என்பது அறிவின் பங்கை மறைக்கின்றது. 'தற்செயற் கண்டுபிடிப்பு' என்பது நிகழ்ச்சியைக் கூறி மனத்தை விட்டுவிடுகின்றது. தேடாப் பேறு என்னும் தொடரை ஈண்டு ஆளலாம். வால்போல் கருதியவை மூன்று: தற்செயல், கூர்ந்த அறிவு, தேடாமை. இச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ரொபேட் மேர்ட்டனும் எலினோர் பார்பரும் 1958இல் எழுதி முடித்த நூல் 2002இல் இத்தாலியிலும் 2004இல் ஆங்கிலத்திலுமே வெளிவந்தது. இச்சொல்லைப் பிற்காலத்தார் எடுத்தாண்டபோது மூன்று கூறுகளுள் முதலாவது மட்டும் பெருத்து இரண்டாவது மெலிந்தது. இன்று கணனித்துறையில் நிலவும் பொருள் ஏறக்குறைய இன்ப அதிர்ச்சி என்பதே. ஒரு சாதனம் பயனரை வியக்கச் செய்துவிட்டால் அது தேடாப் பேற்றை விளைவித்து விட்டதாகக் கருதப்படுகின்றது. இக்கருத்துக் கதைக்கு இசைகின்றதா என்பதே ஆராயத்தக்கது.

கதையை மீண்டும் நோக்குக. நால்வரும் ஒட்டகத்தைத் தேடியவர் அல்லர். ஒட்டகம் தொலைந்ததே அவர்க்குத் தெரியாது. ஒருமருங்கு கடிபட்ட தழையை அவ்வழிச் சென்ற நூறு பேர் கண்டிருப்பர். ஆயின் கண்டதைக் கண்டதாகக் கொண்டவர் இந்நால்வரே. வினா பின்னர் வணிகன் வடிவில் வருகின்றது. அஃதாவது, வினாவுக்கு முன்னரே விடை அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது. கணனியின் இயல்பு பெரும்பாலும் இதற்கு மாறானது. வினாவை முதலிற் கொடுத்தால் விடையைத் தேடித் தருவது அது. வினாவில்லா நிலையில் எதனைக் கவனிக்க வேண்டும் என அதற்கு உரைப்பவர் யார்?

இவ்வினாவுக்குக் கணனி வல்லுநர் கண்ட விடை, மனிதரின் சுவையையே வினாவாகக் கொள்வதாகும். 1992இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ ஆல்ற்றோ ஆய்வுநிலையத்தார் அமைத்த 'ராப்பெஸ்ற்றி' என்னும் முறைமையும், 1994இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அமைத்த 'குறூப்லென்ஸ்' என்னும் முறைமையும் இவ்வழியைத் தொடக்கி வைத்தன. ஒருவர் விரும்பியவற்றைக் கொண்டு அவரையொத்த பிறரை இனங்கண்டு, அப்பிறர் விரும்பியதை இவர்க்குப் பரிந்துரைத்தல் இதன் சாரம். 2006இல் நெற்பிளிக்ஸ் நிறுவனம் தன் பரிந்துரையின் துல்லியத்தை நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்துவோர்க்கு 10 இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. 2009இல் அது வெல்லப்பட்டது. ஆயினும் துல்லியம் மிகுந்தவிடத்துச் சலிப்பும் மிகுந்தது. ஒருவர் தாமே சென்று எடுத்திருக்கக்கூடிய படத்தை அவர்முன் வைப்பதிற் பயன் யாது? ஆகவே புதுமை, எதிர்பாராமை, உகப்பு என்பனவற்றையும் அளக்க முற்பட்டனர். எளிய முறையொன்று எதனைப் பரிந்துரைக்கும் என முதலிற் கணித்து, அதனின் வேறாகவும் பயனர்க்கு உகந்ததாகவும் உள்ளதனைத் தேடாப் பேறெனக் கொள்ளும் வாய்பாடுகள் எழுந்தன. இவ்வாய்பாடுகள் நேர்மையான முயற்சிகளே. எனினும் இவை அளப்பது ஒருவர் இன்றுள்ள சுவையின் ஓரத்தில் நிற்கும் பொருள்களை மட்டுமே.

தமிழிலக்கிய வரலாற்றில் இதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1880 ஒக்ரோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் சென்று கண்டார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வாண்டிலேயே குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்தார். என்ன படித்தீர் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றாற் பயனென்ன என்னும் தொனியில் அவர் மேலும் வினவி, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்தே 1887ஆம் ஆண்டின் சிந்தாமணிப் பதிப்பும், 1892ஆம் ஆண்டின் சிலப்பதிகாரமும், 1894ஆம் ஆண்டின் புறநானூறும், 1898ஆம் ஆண்டின் மணிமேகலையும் வெளிவந்தன.

அன்று ஐயர் அடுக்கிய நூற்பட்டியலைப் பரிந்துரை முறைமையொன்றிடம் கொடுத்திருந்தால் அது என் செய்திருக்கும்? அவரையொத்த மாணாக்கர் அனைவரும் மடங்களைச் சார்ந்து சிற்றிலக்கியமும் புராணமும் பயின்றவரே. ஆதலின் அது மற்றுமோர் அந்தாதியைத் தந்திருக்கும். எதிர்பாராமை வேண்டுமெனப் பணித்திருந்தால் எவரும் அதிகம் அறியாத ஒரு தலபுராணத்தைத் தந்திருக்கும். சமணக் காப்பியம் ஒன்றைத் தந்திருக்க மாட்டாது. சிந்தாமணியை முன்வைத்தவர் ஐயரை ஒத்தவர் அல்லர். ஐயரின் கல்வியை மதிக்க மறுத்தவர். கண்டுபிடிப்புக்கு வித்திட்டது ஒத்த சுவையன்று, மறுக்கும் சுவையே. அந்த மறுப்பைத் தாங்கிக்கொண்டு, முதலியார் தந்த பிரதியைப் படித்து, பொருள் விளங்காவிடத்துச் சைவராகிய தாம் சமணரின் இல்லம் நாடிச் சென்று கேட்டமை ஐயரின் பங்கு. பயனர் முகஞ்சுளிக்கும் பரிந்துரையைத் தோல்வியெனக் கணக்கிடும் எந்த வாய்பாட்டிலும் அந்த 1880ஆம் ஆண்டுச் சந்திப்புத் தோல்வியாகவே பதிவாகியிருக்கும்.

அறிவியற்றுறையிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. தென்துருவத்தின்மேல் ஓசோன் படலம் மெலிந்து வருவதனை ஜோசப் பார்மன், பிறையன் கார்டினர், ஜொனதன் ஷங்க்லின் ஆகிய மூவர் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியது தரையில் நின்று அளக்கும் பழைய கருவி. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதியோ அதே வானத்தை நாடோறும் அளந்து கொண்டிருந்தது. அளவீடு ஒரு குறித்த எல்லைக்குக் கீழே சென்றால் அது ஐயத்துக்குரியது எனக் குறித்து ஒதுக்கும்படி அதன் கணனி நிரல் அமைக்கப்பட்டிருந்தது. எண்கள் அழிக்கப்படவில்லை, குறியிடப்பட்டுக் கிடந்தன. பின்னர் மீள நோக்கிய போது குறைவு கண்டம் முழுவதிலும் பரந்திருந்தமை தெரிந்தது. நிரலை எழுதியவர் மேல் குற்றமில்லை. பழுதான அளவீட்டையும் புதிய உண்மையையும் பிரிக்கும் கோடு எங்கேயுள்ளதென முன்கூட்டி அறிந்தவர் எவருமிலர். கடிபட்ட தழையைக் கணனியும் கண்டது. அதனைத் தழையின் குறையெனக் கொண்டமையே வேறுபாடு.

எனினும் கணனியால் இத்துறையில் ஏதுமாகாதென்பது மிகை. அதனை மறுத்தற்கு டொன் சுவான்சன் ஒருவரே போதும். சிக்காகோப் பல்கலைக்கழகத்து நூலக அறிவியற் பேராசிரியரான அவர் மருத்துவம் பயின்றவரல்லர். குளிரில் விரல்கள் வெளிறி இரத்தவோட்டம் குன்றும் றேனோ நோய் பற்றிய கட்டுரைகள் ஒருபுறமும், மீனெண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைத்தல் முதலியன பற்றிய கட்டுரைகள் மறுபுறமுமாக, ஒன்றையொன்று மேற்கோள் காட்டாத இரு தொகுதிகள் தரவுத்தளங்களில் கிடப்பதை அவர் கண்டார். இரண்டையும் இணைத்தால் மீனெண்ணெய் அந்நோய்க்கு உதவலாம் என்னும் கருதுகோள் பிறக்கும். இதனை அவர் 1986இல் வெளியிட்டார். 1989இல் வெளிவந்த மருத்துவச் சோதனையொன்று, அந்நோயாளர் சிலரில் அதற்கு ஆதரவான பயனைக் காட்டிற்று. பின்னர் நீல் ஸ்மல்ஹைசரோடு சேர்ந்து இத்தகைய இணைப்புகளைத் தேடும் நிரலொன்றையும் அவர் ஆக்கினார். இங்குக் கணனி செய்தது யாது? ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தாரின் எழுத்துகளை ஒரே மேசைமேல் வைத்தது. அது தந்த இணைப்புகளுட் பெரும்பாலன பயனற்றவை. பயனுள்ளதைப் பொறுக்கி எடுத்தவர் சுவான்சன். ஆயினும் இவ்விணைப்பு ஏன் என்று எவரேனும் கேட்டால், இன்ன கட்டுரையும் இன்ன கட்டுரையும் இன்ன பொதுச்சொல்லும் என்று காட்ட அம்முறைமையால் இயன்றது. இது முக்கியமானது.

2020இல் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் ஏறத்தாழ 6000 மூலக்கூறுகளைக் கணனி வலையமைப்பினாற் சல்லடையிட்டு, நீரிழிவுக்கென முன்னர் ஆராயப்பட்ட ஒரு பொருளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஆற்றல் உண்டெனக் கண்டு அதற்கு ஹலிசின் எனப் பெயரிட்டமையும் பெரிதாகப் பேசப்பட்டது. பாராட்டத்தக்க சாதனையே. ஆனால் நுண்ணுயிர்க்கொல்லியைத் தேடிப் புறப்பட்டவர் நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்டனர். அது தேடிய பேறு.

தமிழ் மாணாக்கர் நாடோறும் காணும் களம் நூலகம். தட்டிலே தேடிய நூலுக்கு அருகில் நின்ற நூல் வாழ்க்கையை மாற்றிய கதைகள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அந்த அயல் தானே விளைந்ததன்று. பகுப்பெண் இட்ட நூலகர் ஒருவர் வகுத்த அயல் அது. 1981 ஜூன் முதலாம் நாளையொட்டிய இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். நூல்களின் எண்ணிக்கையைக் கூறுவோர் அவற்றுக்கிடையே இருந்த அயலைக் கூறுவதில்லை. அதனைப் பட்டியலிட ஒருவராலும் இயலாது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் ஈழத்து ஏடுகளையும் சஞ்சிகைகளையும் ஆண்டுமலர்களையும் முழு இதழாகவே படம்பிடித்து வைத்துள்ளது. ஒரு கட்டுரையைத் தேடி இதழைத் திறப்பவர் அதற்கு முந்திய பக்கத்துக் கவிதையையும், பிந்திய பக்கத்துப் புடைவைக்கடை விளம்பரத்தையும், மரண அறிவித்தலையும் கண்டே தீரவேண்டும். தேடிய வரியை மட்டும் நறுக்கித் தரும் பொறியைவிட இது மந்தமானது. மந்தமாயிருப்பதே இங்கு நலம். 2022 நவம்பரில் வெளிவந்த சற்ஜிபிரி போன்ற உரையாடற் பொறிகள் எதிர்த்திசையிற் செல்கின்றன. அவை கேட்ட வினாவுக்கு விடையை மட்டும் தருகின்றன, வழியைத் தருவதில்லை. சிலவேளை இல்லாத நூலையும் உள்ளதுபோற் கூறிவிடுகின்றன. வழியில்லாவிடத்துச் சுவடு ஏது?

இதுகாறும் கூறியவை ஏட்டளவிலான விவாதம் போலத் தோன்றலாம். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியிலுள்ள திகன என்னும் ஊர் இவ்விவாதத்துக்கு வேறொரு முகத்தைத் தருகின்றது.

திகன பெரிதும் விக்டோரியா அணைக்கட்டால் உருமாறிய ஊர். 122 மீற்றர் உயரமான அவ்வளைவணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது; பழைய தெல்தெனிய நகர் மகாவலி நீருள் அமிழ்ந்தது. 2020 ஆகஸ்ட் 29ஆம் நாள் இரவு இப்பகுதி மக்கள் நிலம் அதிர்வதை உணர்ந்தனர். அவ்வாண்டில் மேலும் சிலமுறை உணர்ந்தனர். நீர்த்தேக்கமோ, கல்லகழ்வோ, நிலத்தடிப் பிளவோ காரணம் என்னும் வினா எழுந்தது. அணைக்கு அண்மையில் வாழ்வோர் சிற்றதிர்வையும் வினாவாக்குவர். தொலைவில் உள்ளோர்க்கு அது ஒரு கோடு. இதுவும் தேடாது வந்த செய்தியே. ஆயினும் திகன என்னும் பெயர் நாட்டுக்கு வெளியே அறியப்பட்டது இதனாலன்று.

2018 பெப்ரவரி 22ஆம் நாள் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் சில நாட்களின் பின் உயிரிழந்தார். மார்ச் 5ஆம் நாள் திகனவிற் கும்பல்கள் திரண்டு முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசலையும் தாக்கித் தீயிட்டன. எரிந்த கட்டடமொன்றினுள் ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு அடுத்த நாளிலிருந்து முகநூல், வட்ஸ்அப், வைபர் முதலியன நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. இதற்குச் சில நாள் முன்னர் அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக் கொத்துரொட்டியில் மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி எழுந்தது. சிங்களம் சரிவர அறியாத அவர் தம்மை வளைத்தோரின் கேள்விக்குத் தலையசைத்த காட்சி காணொளியாகப் பரவியது. அப்படியொரு மாத்திரையே இல்லையென மருத்துவர் கூறினர். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அவ்வுணவிற் கண்டது மாப்பொருளையே. அதற்குள் பரவவேண்டியது பரவிவிட்டது.

வன்முறைக்குக் காரணம் முகநூல் என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். 1915இல் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரத்துக்கு எந்தக் கணனியும் வேண்டியிருக்கவில்லை. இனவாத அமைப்புகளும் அரசியற் கணக்குகளும் சட்டத்தின் தயக்கமும் 2018க்கு முன்னரே இருந்தன. கேட்கத்தக்க கேள்வி குறுகியது. அந்நாட்களில் திகனவிலும் அதன் அயலிலும் கைத்தொலைபேசியைத் திறந்தோர் முன் தோன்றியவை எவ்வகையின?

அவர்கள் அவற்றைத் தேடவில்லை, தாமாகவே வந்தன. எதிர்பாராதனவாய் இருந்தன. தொலைவில் கிடந்த இரு பொருள்களை, அம்பாறைத் தட்டையும் தெல்தெனிய வீதியையும், ஒன்றோடொன்று முடிச்சிட்டன. கண்டோர் அவற்றில் தங்கினர், பகிர்ந்தனர், பதிலிறுத்தனர். ஆகவே வாய்பாட்டின் கண்ணில் உகந்தனவுமாயின. அவ்வாண்டு ஜனவரியிலேயே அந்நிறுவனம், மக்களிடையே அதிக உரையாடலைத் தூண்டும் பதிவுகட்கு முன்னிடம் அளிக்கும்படி தன் செய்தியோடையின் முறையை மாற்றப்போவதாக அறிவித்திருந்தது. புதுமை, எதிர்பாராமை, உகப்பு என்னும் மூன்று அளவுகோல்களையும் ஒரு பதிவின்மேல் வைத்துப் பார்ப்போமாயின், மலட்டு மாத்திரை வதந்தி மூன்றிலும் உயர்ந்த புள்ளி பெறும். தேடாப் பேற்றை வியப்பாகச் சுருக்கிய கோட்பாட்டின் பெருங்குறை இதுவே. கண்டுபிடிப்பையும் வதந்தியையும் அதனாற் பிரித்தறிய முடியாது. இரண்டும் பயனரின் முகத்தில் ஒரேவகை மாற்றத்தை உண்டாக்குகின்றன. முறைமை அளப்பது முகத்தையே.

இதற்கு மறுப்பாக, மொழியறிந்த கண்காணிப்பாளர் போதியளவில் இருந்திருந்தால் தீங்கைத் தடுத்திருக்கலாம் எனச் சிலர் கூறுவர். சிங்கள மொழியில் அக்கண்காணிப்புக் குறைந்திருந்தது உண்மை. பின்னர் அது பெருக்கப்பட்டதாக நிறுவனமும் அறிவித்தது. வடிகட்டுதல் வேண்டியதே. ஆயின் வடிகட்டி தீயதை நீக்கும், நல்லதை அறியாது. மேலே காட்டிய செய்மதி நிரலும் ஒரு வடிகட்டிதான்.

பிரித்தறியும் இடம் எது என்பதனை ஒட்டகக் கதையே காட்டுகின்றது. அதனைப் படிப்போர் பெரும்பாலும் நால்வரின் கூர்மையை வியந்து நின்றுவிடுகின்றனர். கதையின் திருப்பமோ மன்னனின் கேள்வியில் உள்ளது. வணிகனுக்கு நால்வரின் அறிவே குற்றத்தின் சான்று. மன்னன் அவர்களை நோக்கி, எவ்வாறு அறிந்தீர் என்று கேட்கின்றான். அவர்களால் விடை சொல்ல முடிகின்றது; சுவடு, தழை, குருதித்துளி என ஒவ்வொன்றாய்ச் சுட்டுகின்றனர். வணிகனும் அதே பாதையில் திரும்பிச் சென்று அவற்றைப் பார்க்கலாம். கூர்ந்த அறிவென வால்போல் கூறியது இதுவே. கண்ட வழியைத் திரும்ப நடந்து காட்டும் ஆற்றல் அது. சுவான்சனின் முறைமை இக்கேள்விக்கு விடை கூறவல்லது. சாமிநாதையரின் பதிப்புகளோ பாடவேறுபாடுகளையும் குறிப்புகளையும் தாங்கி விடை கூறிக்கொண்டேயிருக்கின்றன. இப்பதிவு எனக்கு ஏன் வந்தது என்று திகனவாசி ஒருவர் 2018 மார்ச்சில் தம் கைத்தொலைபேசியைக் கேட்டிருந்தால் அது யாது கூறியிருக்கும்? அதனைக் கேட்பதற்கான இடமே அதன் முகப்பில் இருக்கவில்லை.

நான்கு மந்திரி கதை ஒட்டகத்தோடு முடிவதில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. அமைச்சராகிய நால்வருள் ஒருவர் ஓரிரவு அரண்மனையிற் காவல் புரிகையில், பள்ளியறையின் மேலிருந்து நாகமொன்று இறங்கக் கண்டு அதனை வெட்டுகின்றார். நஞ்சின் துளி அரசியின் மார்பில் விழ, அதனைத் துடைக்கின்றார். அரசி விழித்துக் கூவ, கண்ட காட்சியை மட்டும் கொண்டு மன்னன் அவரைக் கொல்லத் துணிகின்றான். ஒட்டகத்தின் வழக்கில் எவ்வாறு அறிந்தீர் என்று கேட்ட அதே மன்னன் இங்குக் கேட்க மறக்கின்றான். ஏனைய மூவரும் தண்டனையைச் சற்று நிறுத்தும் பொருட்டு, பதறிச் செய்த தீர்ப்புகளின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொல்கின்றனர். பிள்ளையைக் காத்த கீரியைப் பார்ப்பனி கொன்ற கதை அவற்றுள் ஒன்று. கீரியின் வாயிற் குருதி இருந்தது உண்மை. அதன் பொருளே பிழையாகக் கொள்ளப்பட்டது. கூர்ந்து காணலிற் தொடங்கிய நூல் தன் பெரும்பகுதியைத் தாமதித்தலுக்கே செலவிடுகின்றது. ஐரோப்பாவுக்குச் சென்ற கிளைக்கதையைப் படித்த வால்போல் இப்பகுதியை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் படைத்த சொல்லில் வேகமும் களிப்பும் உண்டு, தாமதம் இல்லை. அச்சொல்லைக் கணனிக்குக் கொண்டு சென்றோர் குறையையும் சேர்த்தே கொண்டு சென்றனர். ஒரு பதிவைப் பகிருமுன் அதன் மூலத்தைத் திறந்து காட்டுதல், பகிர்வோர் எண்ணிக்கையை வரையறுத்தல் போன்ற சிறு தடைகளை நிறுவனங்கள் பின்னாளிற் சேர்த்துள்ளன. அவை வியப்பைக் குறைக்கும் என்பர். குறைக்கட்டும்.

இலங்கையில் தன் தளம் வகித்த பங்கை ஆராயும்படி முகநூல் நிறுவனம் 'ஆர்ட்டிக்கிள் வண்' என்னும் அமைப்பிடம் ஒப்படைத்த மனித உரிமை மதிப்பீட்டின் சுருக்கம் 2020 மே மாதத்தில் வெளியிடப்பட்டது. தளத்திற் பரவிய வதந்தியும் வெறுப்புரையும் வன்முறைக்குத் துணைபோயிருக்கலாம் என்பது அதன் கருத்து. நிறுவனமும் அப்போது வருத்தம் தெரிவித்தது. திகன வீதியில் தீயணைந்து இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்திருந்தன. எந்தப் பதிவு எத்தனை பேர்க்கு எக்காரணம் பற்றி முன்னிறுத்தப்பட்டது என்னும் கணக்கு அச்சுருக்கத்தில் இல்லை.